கொழுப்பைக் கரைக்கிறதாம் பப்பாளிப் பால்!

நீளமான பதிவு இது. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் நம் குடும்பக் குழுவிலும், பள்ளிப் பழைய மாணவர் குழுவிலும் ஒரே நாளில் ஒரே செய்தி வந்து விழுந்தது. பப்பாளிப் பாலில் கொழுப்பை உடைக்கும் நொதியை வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். நம் முன்னோர்களுக்கு அது அன்றே தெரியுமாம். காலையில் வெறும் வயிற்றில் பப்பாளிக்காய்ப் பால் பத்துச் சொட்டு மோரில் விட்டுக் குடித்தால் தொப்பை கரையுமாம், ரத்தத்தில் உள்ள கொழுப்பு இறங்குமாம், மாத்திரையே வேண்டாமாம். கீழே நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தீர்கள். "சார் பாடம் எடுத்த நொதி சார் இது" என்று ஒருவன் என்னையும் அதில் இழுத்துவிட்டிருந்தான்.

நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இந்த வயதில் எல்லோரோடும் மல்லுக்கட்ட வேண்டுமா என்று விட்டுவிட்டேன். அது தப்பு. என் தங்கை மருமகள் அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பப்பாளியில் பால் கீறி, பதினெட்டு நாள் குடித்திருக்கிறது. வாயெல்லாம் புண். டாக்டர் கொடுத்திருந்த கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டது. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், மாத்திரை போடுவதற்கு முன்னால் எந்த அளவில் இருந்ததோ அதே அளவுக்கு ஏறி நிற்கிறது. "மாமா, நீங்களும் அந்தக் குழுவில்தானே இருக்கீங்க, தப்புன்னா சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றது. அந்தப் பிள்ளைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் முன்னோர் கதையை முடித்துவிடுகிறேன். பப்பாளி அமெரிக்கக் கண்டத்து மரம். போர்த்துகீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. சோழர் காலத்தில் இந்த மண்ணில் பப்பாளிச் செடியே கிடையாது. மிளகாயும் நம் குச்சிக்கிழங்கும் இப்படி வந்தவைதான். நம் முன்னோர்கள் எத்தனையோ அறிந்தவர்கள். பார்த்தே இராத ஒரு மரத்தின் பாலுக்கும் அவர்களைச் சாட்சிக்கு இழுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

நம் வீட்டுச் சமையலறை அறிந்தது வேறு. வெள்ளாட்டுக் கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காய்த் துண்டு இரண்டைப் போட்டு வேக வைப்பார்கள். கறி பஞ்சாகிவிடும். அது பப்பேயின் செய்யும் வேலை. பப்பேயின் புரதத்தை வெட்டுகிற நொதி. அந்தப் பெயரை 1879இல் பிரெஞ்சு வேதியியலர் வூர்ட்ஸ் வைத்தார். பின்னால் 1950களின் கடைசியில் ரோட்னி போர்ட்டர் இதே பப்பேயினால் நோய் எதிர்ப்புப் புரதத்தைத் துண்டாக வெட்டி அதன் அமைப்பைக் கண்டறிந்தார். அதற்கு 1972இல் நோபல் பரிசு. இந்தப் பெருமையெல்லாம் புரதம் வெட்டும் நொதிக்குத்தான் சேரும். பப்பாளி போட்டு வேகவைத்த அதே கறிக்குழம்பின் மேலே பாருங்கள், கொழுப்பு மிதந்துகொண்டேதான் இருக்கும். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

கொழுப்பை உடைக்கும் நொதி பப்பாளிப் பாலில் இருப்பது பொய்யா என்றால், பொய் இல்லை. செய்தியில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். பப்பாளிக் குடும்பத்துச் செடிகளின் பாலுக்குக் கொழுப்பை உடைக்கும் சக்தி உண்டு என்பது 1925லேயே தெரியும். ஆனால் அந்த வேலையைச் செய்யும் புரதம் எது என்று பிடிக்க முடியவில்லை. காரணம் எளிது. ஒரு நொதியைத் தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அது கரைசலுக்குள் வர வேண்டும். இந்த லைபேஸ் வர மாட்டேன் என்றது. பப்பாளிப் பாலைக் காய வைத்துத் தண்ணீரில் கலக்கினால் பப்பேயினும் அதன் கூட்டாளிகளும் கரைந்து தண்ணீரோடு போய்விடும். அடியில் வெள்ளையாக ஒரு சக்கை நிற்கும். கொழுப்பை உடைக்கும் சக்தி அந்தச் சக்கையில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் விடாது. தொழிற்சாலைக்காரர்களுக்கு இது வசதியாகிவிட்டது. எண்ணெயை மாற்றியமைக்கும் வேலைக்கு அந்தச் சக்கையையே போட்டு, வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "நீ யாரப்பா?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் அது முகம் காட்டவில்லை.

2011இல் ஃபெப்ஸ் ஜர்னல் என்ற ஆய்விதழில் தூயிப், அரோந்தெல் முதலியோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள். ஃபார்வர்டு செய்தியில் பேர் ஊர் எதுவும் இல்லாமல் "வெளிநாட்டு விஞ்ஞானிகள்" என்று வருவது இந்த மாதிரி வேலையைத்தான். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நல்ல போலீஸ் கதை மாதிரி இருக்கும்.

அவர்கள் பப்பாளியின் ஒன்றுவிட்ட தம்பியான பபாக்கோ என்ற ஈக்வடார் மலைநாட்டுச் செடியின் பாலை எடுத்துக்கொண்டார்கள். பாலிலிருந்து லைபேஸ் சக்தியை 74 மடங்கு செறிவாக்கினார்கள். கரையாத பகுதியில் மட்டும் 28 வெவ்வேறு புரதங்கள் இருந்தன. இதில் திருடன் யார்? லைபேஸைக் கண்டால் அதன் வாய்க்குள் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்து இருக்கிறது, டெட்ராஹைட்ரோலிப்ஸ்டாட்டின் என்று பெயர். அதில் கதிரியக்கக் கார்பனை வைத்து அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். மின்புலத்தில் புரதங்களை எடைவாரியாக ஓடவிட்டுப் பார்த்தபோது, 45 கிலோடால்டன் எடையுள்ள ஒன்றின் மேல் கதிரியக்கம் இருந்தது. அதைத் துண்டுகளாக்கிப் படித்தார்கள். பிறகு பப்பாளியிலிருந்து அதற்கு ஒத்த மரபணுவின் நகலை எடுத்தார்கள். அது உருவாக்கும் புரதம் 55 கிலோடால்டன். அதன் வரிசையை மற்றச் செடிகளின் நொதிகளோடு ஒப்பிட்டால், 35 சதவீதம் அப்படியே பொருந்தியது எதனோடு தெரியுமா? ஆமணக்கு விதையில் இருக்கும் லைபேஸோடு. நம்ம கொட்டமுத்து!

நம் காடுகளில் கடலைக்கு இடையில் வரிசையாக நின்ற ஆமணக்கை நினைத்துக்கொண்டேன். அந்த விதையில் கொழுப்பை உடைக்கும் நொதி உண்டு என்பது 1890இலிருந்து தெரியும். 1902இல் ஜெர்மானியர்கள் அரைத்த ஆமணக்கு விதையைக் கொண்டே எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலமும் கிளிசரினும் எடுக்க வழி சொன்னார்கள். ஆனால் அந்த நொதியின் மரபணு எது என்று ஈஸ்ட்மண்ட் என்பவர் சொன்னது 2004இல். ஆமணக்குக்கு நூறு வருஷத்துக்கு மேல், பப்பாளிக்கு எண்பத்தாறு வருஷம். "இத்தனை வருஷம் ஒரு நொதியைத் தேடினவங்களுக்கு வேற வேலை இல்லையா சார்" என்று குழுவில் ஒரு மாணவன் கேட்டிருந்தான். கண்ணு, ஆமணக்கில் ஒருவர் அந்த வேலையை முடித்து வைத்திருந்ததால்தான் பப்பாளியில் கிடைத்தது இன்னார் என்று ஏழே வருஷத்தில் இவர்களால் சொல்ல முடிந்தது. நீ லாரி பாடி கட்டுகிறாய். போன வண்டியில் அடித்த ஆணிதான் இந்த வண்டிக்கு அளவு என்பது உனக்குத் தெரியாதா?

இன்னொன்று. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இது லைபேஸ் "எனக் கருதத்தக்கது" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இத்தனை ஆதாரம் கையில் இருந்தும், அடித்துச் சொல்லாமல் ஒரு சொல்லைப் போட்டு நிதானித்திருக்கிறார்கள். ஏனென்றால் 2009இலேயே பப்பாளிப் பாலிலிருந்து வேறொரு நொதியைப் பிரித்து வெளியிட்டிருந்தார்கள், அது சிறு சங்கிலிக் கொழுப்பை மட்டும் நன்றாக உடைக்கும் எஸ்டரேஸ். சோதனைக்குத் தவறான கொழுப்பை எடுத்தால் ஒன்றை இன்னொன்று என்று நினைத்து ஏமாறலாம். அந்தச் சொல்லைத்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கி எறிந்துவிட்டு, "கண்டுபிடித்துவிட்டார்கள், குடியுங்கள்" என்று அனுப்பினீர்கள்.

இப்போது குடிக்கும் கதைக்கு வருகிறேன்.

லைபேஸ் என்ன செய்கிறது? எண்ணெய், நெய் இவற்றில் உள்ள ட்ரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பமிலங்களாக்குகிறது. பிளஸ் டூவில் படித்திருக்கிறீர்கள். கொழுப்பு முழுசாக இருந்தால் குடல் சுவர் அதை உறிஞ்சாது. உடைந்தால்தான் உள்ளே போகும். நம் கணையம் அந்த வேலையைத் தினமும் செய்கிறது. கணையம் பழுதாகி லைபேஸ் சுரக்காதவர்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் கொழுப்பு மலத்தோடு போய், இளைத்துப்போவார்கள். அவர்களுக்கு உடம்பு தேற, லைபேஸ் அடங்கிய மாத்திரையை டாக்டர் கொடுப்பார். அதுவும் வயிற்று அமிலத்தில் கெட்டுவிடாமல் இருக்க மேல்பூச்சுப் பூசித்தான் கொடுப்பார்கள். ஆக, நீங்கள் குடித்த பப்பாளி லைபேஸ் ஒருவேளை வயிற்றைத் தாண்டிக் குடலில் வேலை செய்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தின்ற நெய்யை இன்னும் நன்றாகச் செரித்து உடம்பில் ஏற்றும். அவ்வளவுதான். குடலில் இருக்கும் நொதி நடந்துபோய் இடுப்புச் சதையைப் பிடித்துக் கரைக்காது. ஒரு புரதம் முழுசாக ரத்தத்துக்குள் போய் தொப்பையைத் தேடி வேலை செய்யும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

அந்தத் திருடனைப் பிடித்த டெட்ராஹைட்ரோலிப்ஸ்டாட்டின் என்ற மருந்து நினைவிருக்கிறதா? அதற்கு மருந்துக்கடைப் பெயர் ஆர்லிஸ்டாட். உடல் எடை குறைப்பதற்காக டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரை. அது குடலில் உள்ள லைபேஸை முடக்கிப்போட்டு, தின்ற கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேராமல் வெளியே அனுப்பிவிடும். அதாவது எடை குறைய வேண்டுமானால் லைபேஸை நிறுத்துகிறார்கள். நீங்கள் எடை குறைய லைபேஸைக் குடிக்கிறீர்கள்! எந்த ஆராய்ச்சியைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்களோ, அந்த ஆராய்ச்சியில் பயன்பட்ட மருந்தே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. (உடனே போய் ஆர்லிஸ்டாட் வாங்காதீர்கள். அதற்கு அதன் தொல்லைகள் உண்டு. டாக்டரைக் கேளுங்கள்.)

இந்தச் செய்தியை முதலில் குழுவில் போட்டவன் மருந்துக்கடை வைத்திருப்பவன், என்னிடம் படித்தவன். பேர் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். செய்திக்குக் கீழே "பப்பேயின் பவுடர் நம்மிடம் கிடைக்கும்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாய். சுத்திகரித்த பப்பேயின் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா தம்பி? பாலைத் தண்ணீரில் கரைத்து, கரையாத சக்கையை வடிகட்டி விலக்கிவிட்டு, தெளிந்ததை உலர்த்துகிறார்கள். லைபேஸ் எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேன்? அந்தச் சக்கையில். நீ விற்கிற டப்பாவில் நீ சொல்லும் நொதிக்கு இடமே இல்லை. பொய்யையாவது ஒழுங்காக விற்கலாம்.

பப்பாளிப் பால் விளையாட்டுச் சாமான் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 போன்ற ரகங்களைப் பால் எடுக்க ஏற்றவை என்று வெளியிட்டிருக்கிறது. பால் எடுக்கும் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் காயில் லேசாகக் கீறி, வடியும் பாலைத் தட்டில் பிடிப்பார்கள். கையில் பட்டால் தோல் உரியும். காய்ந்த தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு மூச்சிரைப்பு வரும். அமெரிக்காவில் புண்ணுக்குப் போடும் பப்பேயின் களிம்புகளை 2008இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னது. சிலருக்கு ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் இறங்கிப் போனதுதான் காரணம். இது தோலில் பூசியவர்களின் கதை. நீங்கள் வெறும் வயிற்றில் குடிக்கிறீர்கள். வாயின் உள்தோலும் புரதம்தான், பப்பேயினுக்குக் கறியும் நாக்கும் ஒன்றுதான். பிள்ளை உண்டானவர்கள் பப்பாளிக்காய் தின்னக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில், காயின் பாலைப் பொறுத்தவரை அர்த்தம் இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் பால் அநேகமாக இருக்காது, அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நானும் தினம் இரண்டு துண்டு சாப்பிடுகிறேன்.

கடைசியாக என் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நம் பள்ளி ஆய்வகத்தில் பப்பாளிப் பாலை வைத்து ஒரு சோதனை செய்து காட்டினேன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். டம்ளரில் பசும்பால், கொஞ்சம் சோடியம் கார்பனேட், இரண்டு சொட்டு பினாப்தலீன். பால் ரோஸ் நிறமாகும். அதில் பப்பாளிப் பால் விட்டால் கொஞ்ச நேரத்தில் ரோஸ் நிறம் மறையும். "கொழுப்பு உடைந்து அமிலம் வந்துவிட்டது, பார்த்தீர்களா" என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், பாலில் புரதமும் இருக்கே, பப்பாளி புரதத்தையும் வெட்டுமே, நிறம் போனது எதனாலன்னு எப்படிச் சார் தெரியும்?" என்று கேட்டது. மணி அடிக்கப்போகிறது, உட்காரம்மா என்றேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது, பேர்தான் மறந்துவிட்டது.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. அந்தக் காரத்தன்மையில் புரதத்தை வெட்டினாலும் அமிலத்தன்மை ஏறும், நிறம் மங்கும். என் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நான் அதை முப்பது வருஷம் வருஷம் தவறாமல் செய்து காட்டினேன். "பப்பாளிப் பால் கொழுப்பை உடைக்கும்" என்று உங்கள் தலையில் ஏற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. எது எதனால் நடந்தது என்று கேட்காமல் அந்தச் செய்தியை நீங்கள் அனுப்பியதிலும் பங்கு உண்டு. கேட்ட ஒருத்தியை நான் உட்கார வைத்தேன் அல்லவா.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். பாலே கூடாது. நல்லெண்ணெயைக் கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் நன்றாகக் கலக்கிப் பாலாக்கிக்கொள்ள வேண்டும். பப்பாளிப் பாலைக் காய வைத்து, நான்கைந்து முறை தண்ணீரில் அலசி, பப்பேயினை விரட்டிவிட்டுச் சக்கையை மட்டும் போட வேண்டும். இன்னொரு டம்ளரில் அதே சக்கையைக் கொதிக்க வைத்துப் போட வேண்டும். கொதித்தது ரோஸாகவே நின்று, கொதிக்காதது வெளுத்தால்தான் பேசலாம். மூன்றாவது டம்ளரில் நல்லெண்ணெய்க்குப் பதில் உருக்கிய ராசிபுரம் நெய்யை ஊற்றிப் பார்க்க ஆசை. நெய்யில் சிறு சங்கிலிக் கொழுப்பமிலம் இருக்கிறது, வெண்ணெய் ஊசினால் வரும் நாற்றம் அதுதான். பபாக்கோ லைபேஸ் ஆலிவ் எண்ணெயில் 57 என்ற வேகத்தில் வேலை செய்தால், சிறு சங்கிலிக் கொழுப்பான ட்ரைபியூட்டிரினில் 1107 என்ற வேகத்தில் செய்ததாக அந்தக் கட்டுரை சொல்கிறது. அதனால் நெய் டம்ளர் முந்தும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுச்சத்திரத்தில் நம் வீட்டுத் திண்ணையில் செய்யப்போகிறேன். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். பினாப்தலீன் என்னிடம் இருக்கிறது. பப்பாளிக்காயும் ரப்பர் கையுறையும் யாராவது கொண்டு வாருங்கள். மருந்துக்கடைத் தம்பி, நீயும் உன் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு வா, நான்காவது டம்ளரில் அதைப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் யாரென்று தெரிந்தவர்கள் எனக்குத் தகவல் சொல்லுங்கள். என் தங்கை மருமகள் திரும்ப மாத்திரை போட ஆரம்பித்துவிட்டது, வாய்ப்புண் ஆறிக்கொண்டிருக்கிறது.